200 மணி நேரம் கழித்தும் அதே ஸ்பீக்கர்தான்

புது ஃபுல் ரேஞ்ச் டிரைவரை வாங்கிப் பெட்டியில் பொருத்திக் கேட்டுவிட்டு, "ட்ரெபிள் குத்துகிறது, பேஸே இல்லை" என்று ஒருவர் சொன்னால், ஆடியோ ஆர்வலர்களிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒன்றேதான்: இன்னும் பிரேக்-இன் ஆகவில்லை, ஓடட்டும். எவ்வளவு நேரம்? ஒருவர் 100 மணி நேரம் என்பார், இன்னொருவர் 200 என்பார், லோதர் நிறுவன டிரைவர் வைத்திருப்பவர் 400 என்றுகூடச் சொல்வார். அதுவரை அந்த டிரைவரைக் குறை சொல்லக் கூடாது, வேறொன்றோடு ஒப்பிடவும் கூடாது. இந்த நம்பிக்கை தவறு. ஒரே டிரைவரில் முழு இசையையும் தர முயலும் இந்த அருமையான வகை ஸ்பீக்கர்களைச் சரியாக மதிப்பிடுவதற்கும், அவற்றின் குறைகளைத் தீர்த்துப் பயன்படுத்துவதற்கும் அது பல ஆண்டுகளாகத் தடையாக நிற்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலுவோடு முதலில் வைக்கிறேன். டிரைவரின் கோனை இரண்டு உறுப்புகள் தாங்குகின்றன: வெளிவிளிம்பில் சரவுண்ட், பின்னால் வாய்ஸ் காயில் பக்கம் ஸ்பைடர். ஸ்பைடர் என்பது ஃபீனாலிக் ரெசின் ஏற்றிச் சூடாக அழுத்தி அலை அலையாக வார்த்த துணி. புதிதாக இருக்கும்போது அது விறைப்பாக இருக்கும். கோன் முன்னும் பின்னும் ஆட ஆட, இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின் நுண்ணிய அளவில் விட்டுக்கொடுக்கிறது, துணி இளகுகிறது, டிரைவரின் ஒத்ததிர்வு எண் கீழே இறங்குகிறது. இம்பீடன்ஸ் அளக்கத் தெரிந்த எவரும் இதை வீட்டிலேயே பார்க்கலாம். மேலும், ஃபுல் ரேஞ்ச் டிரைவர்களில் கோன் ஆடும் தூரம் மிகக் குறைவு, ஃபோஸ்டெக்ஸ் எஃப்.ஈ. 103 போன்ற 4 அங்குல டிரைவரில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. ஆகவே இளகுவதற்கு நாளாகும் என்கிறார்கள். காகிதக் கோனும் இழைகளால் ஆனதுதான், அதுவும் பதப்படும் என்கிறார்கள். சில தயாரிப்பாளர்களின் குறிப்புத் தாள்களே நீண்ட பிரேக்-இன்னைப் பரிந்துரைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு டிரைவர்களைக் கேட்ட அனுபவசாலிகள் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: குத்தல் அடங்கியது, பேஸ் வந்தது, ஒலி விரிந்தது.

ஸ்பைடர் இளகுகிறது என்பதை நானும் ஏற்கிறேன். அதிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவுகளைத்தான் ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. இளகுவது ஸ்பைடர், குத்துவது ட்ரெபிள். ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன தொடர்பு?

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய ஸ்பீக்கரின் தொடக்கம். கோனின் ஒத்ததிர்வு எண்ணை வேலை செய்யும் எல்லைக்குக் கீழே தள்ளிவிடு. அதற்கு மேலே கோனின் அசைவைத் தீர்மானிப்பது அதன் எடைதான், தாங்கிப் பிடிக்கும் உறுப்புகளின் விறைப்பு அல்ல. அந்தக் கட்டுரையின் அடிப்படை இது. பிரேக்-இன் பேசுகிறவர்கள் மறந்துவிடுவதும் இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒத்ததிர்வு எண் 80 ஹெர்ட்ஸ் உள்ள ஒரு சிறிய டிரைவரை எடுத்துக்கொள்வோம். காது மிகக் கூர்மையாக உணரும் 3000 ஹெர்ட்ஸில், எடையை அசைக்கத் தேவைப்படும் விசையோடு ஒப்பிட்டால், விறைப்பை எதிர்க்கத் தேவைப்படும் விசை 1400இல் ஒரு பங்கு. ஸ்பைடர் 20 சதவீதம் இளகினால் அந்த 1400இல் ஒரு பங்கில் ஆறில் ஒன்று குறையும். இதைக் கேட்கும் காது எந்த மனிதருக்கும் கிடையாது.

அப்படியானால் குத்தல் எங்கிருந்து வருகிறது? கோனின் வடிவத்திலிருந்து. 1930களில் இங்கிலாந்தில் பால் வோய்ட் உருவாக்கி, பிறகு லோதர் நிறுவனம் வளர்த்தெடுத்த இரட்டைக் கோன் அமைப்பில், பெரிய கோனின் நடுவே ஒரு சிறிய விஸர் கோன் ஒட்டப்பட்டிருக்கும். மேல் அதிர்வெண்களில் பெரிய கோன் ஒரே உடலாக அசைவதை நிறுத்திவிடுகிறது. அதன் பரப்பில் அலைகள் ஓடுகின்றன, விளிம்பில் மோதித் திரும்புகின்றன. விஸர் தனியாக வேலை செய்யத் தொடங்குகிறது. இரண்டும் சில எண்களில் கூடும், சில எண்களில் ஒன்றையொன்று கழிக்கும். லோதரைக் கேட்டவர்கள் "கத்துகிறது" என்று சொல்லும் மேடு இப்படிப் பிறப்பதுதான். கோனின் கோணம், தாளின் தடிமன், விஸரின் நீளம், ஒட்டுப் பசை ஆகியவை சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதுவும் 200 மணி நேரம் பாட்டுப் போட்டால் மாறுவதல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோனில் ஓடும் அலையை விளிம்பில் உறிஞ்சிக்கொள்வது சரவுண்டின் வேலை. அந்த உறிஞ்சும் தன்மை ஓட்டத்தில் கொஞ்சம் மாறலாம். மாறினால் அது மைக்ரோஃபோன் வரையும் வளைகோட்டில் தெரிந்தாக வேண்டும். குத்தல் முழுவதுமாக அடங்கியது என்று சொல்கிறவர், அதே இடத்தில் அதே மைக்கை வைத்து முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளைக் காட்டட்டும். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த மேடு எத்தனை டெசிபல் இறங்கியது என்று பார்த்துவிடலாம்.

2. சரி, பேஸாவது மாறுகிறதா?

பேஸில்தான் விறைப்புக்கு இடமுண்டு. அதனால் இங்கே நிதானமாகப் பார்ப்போம். அதே 80 ஹெர்ட்ஸ் டிரைவர். அதன் விறைப்புக்குச் சமமான காற்றின் கொள்ளளவு, அதாவது வாஸ், 10 லிட்டர் என்று வைப்போம். ஸ்பைடர் 20 சதவீதம் இளகியதும் ஒத்ததிர்வு 73 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது, வாஸ் 12 லிட்டருக்கு ஏறுகிறது. 80 எப்படி 73 ஆனது பாருங்கள் என்று இந்த எண்ணைத்தான் எல்லோரும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் டிரைவரை நாம் காற்றில் தொங்கவிட்டுக் கேட்பதில்லை. 5 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால், பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. அந்தக் காற்று எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இளகாது. பெட்டியோடு சேர்ந்த ஒத்ததிர்வு, முன்பு 139 ஹெர்ட்ஸ். இளகிய பிறகு 135. அவ்வளவுதான். இன்னும் ஒரு படி போகலாம். நல்ல ஃபுல் ரேஞ்ச் டிரைவர்களுக்குக் காந்தம் வலுவானது; அந்தக் காந்தமும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து கோனைப் பிடித்து நிறுத்தும் பிடிமானம்தான் கீழ் எண்களில் ஆள்கிறது. அந்தப் பிடிமானத்தைக் காட்டும் எண்ணான மொத்த க்யூ 0.33 என்று வைத்துக் கணக்கிட்டால், இளகியதால் 80 ஹெர்ட்ஸில் கிடைக்கும் கூடுதல் 0.2 டெசிபல். 40 ஹெர்ட்ஸில் 0.4 டெசிபல், ஆனால் அங்கே ஒலி ஏற்கெனவே 20 டெசிபலுக்கும் கீழே போய்விட்டது. அறையில் நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினாலே பேஸ் இதைவிடப் பல மடங்கு மாறும்.

நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும் இந்தக் கணக்குகளை எல்லோர் கைக்கும் கொண்டுவந்துவிட்டன. இன்று இலவச மென்பொருளில் இரண்டு நிமிடத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒத்ததிர்வு எண் இறங்கியதை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள், அதே எண்களை மென்பொருளில் கொடுத்துப் பெட்டியிலிருந்து வரும் ஒலியைப் பார்க்காமல் பாதி வழியில் நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

3. மணி நேரம் என்ற அளவையே யார் கொடுத்தது?

80 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஸ்பைடர் 2,88,000 முறை வளைந்து நிமிர்கிறது. ரெசின் பிணைப்பு விடுவதானால், கோன் தாராளமாக ஆடும் அளவுக்கு ஓட்டும்போது அதன் பெரும்பகுதி தொடக்க நேரத்திலேயே விட்டுவிடும். இன்னொரு பக்கம், மாலையில் மெல்லிய ஒலியில் வீணைக் கச்சேரி கேட்டால் கோன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக்கூட அசைவதில்லை. அப்படி 200 மணி நேரம் கேட்டாலும் ஸ்பைடருக்குப் பெரிதாக எதுவும் நேராது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஸ்பீக்கர் அளவீட்டையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட வோல்ஃப்காங் கிளிப்பல், தாங்கு உறுப்புகள் களைப்படைவது பற்றி 2011இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் மேல் செய்யப்பட்ட இயந்திர வேலையின் மொத்தக் கூட்டுத்தொகையைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார். எவ்வளவு தூரம், எவ்வளவு விசையோடு வளைந்தது என்பதுதான் கணக்கு. அந்தத் தகவல் இல்லாமல் 100, 200, 400 என்று சொல்வதற்குப் பொருளே இல்லை.

ஓட்டியதும் இறங்கிய ஒத்ததிர்வு எண், டிரைவரை ஓய்வில் விட்டால் ஓரளவு மீண்டும் ஏறிவிடும். சரவுண்டும் ஸ்பைடரும் பாகு போன்ற மெல்லிய நகர்வும் உடைய பொருட்கள். இந்த நகர்வைக் கணக்கில் சேர்க்கும் மாதிரியை க்னுட்சனும் ஜென்சனும் 1993லேயே வெளியிட்டார்கள். ஆகவே ஓட்டி முடித்த சூட்டோடு அளந்து "இறங்கிவிட்டது" என்று எழுதிவைப்பவர், மறுநாள் காலையிலும் அளக்க வேண்டும். அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். குளிரில் ரப்பர் சரவுண்ட் விறைக்கும், வெயிலில் தளரும். டிசம்பரில் வாங்கி ஏப்ரல் வரை ஓட்டியவர் கண்ட மாற்றத்தில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

4. மாற்றம் ஏன் எப்போதும் நல்ல திசையிலேயே போகிறது?

துணியும் காகிதமும் ரெசினும் ஓட்டத்தில் மாறுவது தேய்மானம். தேய்மானத்துக்கு நம் ரசனை தெரியாது. உண்மையிலேயே காதில் விழும் அளவுக்கு மாற்றம் நடக்கிறது என்றால், பத்தில் சில டிரைவர்களாவது கெட்டுப்போக வேண்டும். பேஸ் சரியாக இருந்த ஒன்று 200 மணி நேரத்துக்குப் பிறகு தொளதொளத்திருக்க வேண்டும். இனிமையாக இருந்த ட்ரெபிள் ஒன்று மந்தமாகியிருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. எல்லா டிரைவர்களும், எல்லா விலையிலும், எல்லா வடிவிலும், நல்லதை நோக்கியே நகர்கின்றன. நல்லதை அடைந்ததும் நின்றுவிடுகின்றன. எந்தப் பொருளும் இப்படி நடந்துகொள்வதில்லை. பழகிக்கொள்ளும் மனித மனம் இப்படி நடந்துகொள்ளும்.

5. மாறுகிறவர் கேட்பவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டியது இது: ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதாலேயே, வேறு காரணம் எதுவும் இல்லாமல், அதன் மேல் விருப்பம் கூடுகிறது. நாலு வாரம் ஒரே ஸ்பீக்கரைக் கேட்பவருக்கு அது நடக்காது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. பழைய ஸ்பீக்கரின் ஒலியைச் சரியான ஒலி என்று கருதிப் பழகிய காது, புதியதன் முதல் நாளில் வேறுபாட்டை மட்டுமே கேட்கிறது. நாட்கள் போகப்போகப் புதியதே அளவுகோலாகிவிடுகிறது.

கண்ணும் காதை ஏமாற்றும். ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில், 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களை முதலில் எதுவென்று தெரியாமலும் பிறகு பார்த்துக்கொண்டும் மதிப்பிட்டார்கள். பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. தெரியாமல் கேட்டபோது நன்றாக மதிப்பெண் பெற்ற சிறிய, விலை குறைந்த ஸ்பீக்கர், கண்ணால் பார்த்தபோது கீழே போனது. ஸ்பீக்கர் நின்ற இடத்தை மாற்றியதால் வந்த ஒலி மாற்றத்தைக்கூட, பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. அவர்கள் ஆடியோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அனுபவம் காப்பாற்றவில்லை. "இன்று 150ஆவது மணி நேரம்" என்று தெரிந்துகொண்டே கேட்பவருக்கும் இதுதான் நடக்கிறது.

இதோடு ஃபுல் ரேஞ்சுக்கே உரிய ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. 8 அங்குல கோனிலிருந்து 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் ஒலி, கதிர் போலக் குறுகிவிடுகிறது. அலைநீளம் கோனின் விட்டத்தை விடச் சிறிதாகிவிடுவதே காரணம். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான். டிரைவரின் நேர் அச்சில் உட்கார்ந்தால் ட்ரெபிள் முகத்தில் அடிக்கும், சற்று விலகினால் தணியும். புது ஸ்பீக்கர் வாங்கியவர் முதல் வாரங்களில் என்ன செய்கிறார்? திருப்பிப் பார்க்கிறார், சுவரிலிருந்து தள்ளி வைக்கிறார், நாற்காலியை நகர்த்துகிறார், குத்தாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். பழகப் பழக ஒலியளவையும் கொஞ்சம் கூட்டுகிறார். ஒலியளவு கூடினால் காது பேஸை அதிகமாகக் கேட்கும் என்பது ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டிய உண்மை. குத்தல் அடங்கி பேஸ் வந்தது என்று அவர் சொல்வது பொய்யல்ல. அது உண்மையாகவே நடந்தது. அதற்கான பெருமையைத்தான் தவறான இடத்தில், ஸ்பைடருக்கு, கொடுக்கிறார்.

6. இத்தனை பேர் சொல்கிறார்களே?

ஒலி பிடிக்காதவர்கள் 50ஆவது மணி நேரத்திலேயே டிரைவரை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 200ஐத் தாண்டியவர்கள் எல்லோரும் முதலிலேயே ஓரளவு பிடித்தவர்கள். சாட்சி சொல்ல மீதியிருப்பவர்கள் அவர்கள் மட்டுமே. எண்ணிக்கை எத்தனை ஆயிரமானாலும் அது ஆதாரமாகாது.

7. இந்த நம்பிக்கையால் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் பணம். தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது 100 நாள். 14 நாள், 30 நாள் என்று திருப்பிக் கொடுக்கத் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும். மோசமான டிரைவரைச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள, வாங்கியவரே வழிவிடுகிறார். 200இலும் சரியாகவில்லை என்றால் 400 வரை ஓட்டுங்கள் என்று பதில் வரும். எந்த முடிவாலும் பொய்யாக்க முடியாத கூற்றை வைத்துக்கொண்டு எந்த இரண்டு டிரைவர்களையும் ஒப்பிட முடியாது.

அதைவிடப் பெரிய நஷ்டம், உண்மையான மருந்துகளை யாரும் தொடாமல் போவது. புது ஃபுல் ரேஞ்ச் பேஸ் இல்லாமல் மெலிந்து கேட்பதற்கு மிகப் பொதுவான காரணம் பெட்டியின் முகப்பு. 20 சென்டிமீட்டர் அகல முகப்பில், ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகத் தொடங்குகிறது. முன்னால் இருப்பவருக்குக் கிடைப்பது படிப்படியாகக் குறைந்து 6 டெசிபல் வரை இறங்கும், சுவர்கள் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ஒரு காயிலும் ஒரு ரெசிஸ்டரும் இதைச் சரிசெய்துவிடும். ட்ரெபிள் மேட்டை இறக்க காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர் சேர்ந்த நாட்ச் ஃபில்டர் இருக்கிறது. ஃபீட்பேக் இல்லாத வால்வ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வெளியீட்டு மின்தடை 2.5 ஓம் என்றால், 7 ஓம் காயில் உள்ள டிரைவரின் மின் க்யூ 36 சதவீதம் ஏறும். ஸ்பைடர் இளகுவதால் வருவது 9 சதவீத மாற்றம், அதுவும் இறங்குமுகமாக. ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் காதில் விழும், ஸ்பைடர் இளகினால் விழாது. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே செய்து முடித்து இசை கேட்கத் தொடங்கியிருக்க வேண்டியவர், ஆளில்லாத அறையில் ஸ்பீக்கரை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்.

டிரைவர் காலப்போக்கில் மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. யூரித்தேன் ஃபோம் சரவுண்ட் உள்ளவை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஈரத்தால் சிதைந்து உதிர்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊரில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். காகிதக் கோன் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரம் குடித்து எடை கூடும், கோடையில் உலரும். இந்த மாற்றங்கள் உண்மையானவை, அளக்கக்கூடியவை, இசைக்குக் கெடுதலானவை. பிரேக்-இன் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இவற்றைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை.

இரண்டு டிரைவர்களை ஒப்பிட விரும்புகிறவர் செய்ய வேண்டியது கடினமல்ல. சற்றுத் தாராளமான ஒலியில் ஒரு மணி நேரம் இரண்டையும் ஓட்டி, ஆறவிட்டு, இம்பீடன்ஸை அளந்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கொள்ளளவில் பெட்டி கொடுக்க வேண்டும். ஒன்றின் பெட்டியில் இன்னொன்றைத் திணித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒலியளவைக் காதால் அல்லாமல் மீட்டரால் சமப்படுத்த வேண்டும். ஒற்றை ஸ்பீக்கராக, ஒரே இடத்தில், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்க வேண்டும்.

200 மணி நேரத்தில் ஒலி மாறிவிடுகிறது என்பவருக்கும் வழி திறந்தே இருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு டிரைவர் வாங்கட்டும். ஒரே மாடலிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும் என்பதால், முதல் நாளே இரண்டின் இம்பீடன்ஸையும் ஒலி வளைகோட்டையும் அளந்து வைக்கட்டும். ஒன்றை 200 மணி நேரம் ஓட்டட்டும், மற்றதை வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே விடட்டும். பிறகு வேறொருவர் மறைவில் மாற்றி மாற்றிப் போட, ஓடியது எது, ஓடாதது எது என்று 16 முறை சொல்லட்டும். முதல் நாளே இருந்த வேறுபாட்டை வைத்துச் சொல்லவில்லை என்பது அளவுகளில் தெரிந்து, 12 முறையாவது சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அப்படி அமையும் வாய்ப்பு 100க்கு 4க்கும் குறைவு. அப்போது நான் மேலே எழுதியதை மறுபடி எடுத்துப் பரிசீலிக்கிறேன்.